முறையீட்டு ஆட்டம் (பேஸ்பால்)

பேஸ்பாலில் ஓட்டக்காரர் ஒரு தளத்தை மிதிக்காமல் தாண்டினாலோ, உயர அடித்த பந்து பிடிபடுவதற்குள் தன் தளத்தை விட்டுக் கிளம்பினாலோ, எதிரணி முறையிட்டால்தான் ஆட்டமிழப்பார். நடுவர் கண்ணால் பார்த்திருந்தாலும் கேட்கும்வரை வாய் திறக்கமாட்டார். கிரிக்கெட்டிலும் இவ்வழக்கம் உண்டு. ஆனால் இங்கே கூவினால் போதாது, பந்தோடு அந்தத் தளத்தையோ ஓட்டக்காரரையோ தொட்டுக் காட்ட வேண்டும். அடுத்த பந்து வீசப்பட்டுவிட்டால் உரிமை போயிற்று.

எது ‘பிடிபடுவது’ என்பதும் மாறிவந்திருக்கிறது. 1845இன் நிக்கர்பாக்கர் கழக விதிகளில் ஒரு குத்து குத்தி எழும்பிய பந்தைப் பிடித்தாலும் ஆட்டமிழப்புதான். எல்லைக்குள் அடித்த பந்துகளுக்கு அச்சலுகை 1860களில் நீங்கியது. இன்றைய விதிப்படி, பந்து களத்தடுப்பாளரின் மேல் முதலில் பட்ட கணமே ஓட்டக்காரர் கிளம்பலாம். இல்லையேல் களத்தடுப்பாளர் பந்தைக் கைகளில் தட்டித் தட்டியபடியே உள்ளே ஓடிவந்து அவரைக் கட்டிப்போட்டுவிடலாம்.

இவ்வகைச் சர்ச்சைகளில் அதிகம் எழுதப்பட்டது 1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் நடந்தது. ஜயண்ட்ஸும் சிகாகோ கப்ஸும் 1-1. ஒன்பதாம் இன்னிங்ஸ், இருவர் ஆட்டமிழந்திருந்தனர். ஜயண்ட்ஸின் பிரிட்வெல் அடித்த பந்தில் மூன்றாம் தளத்திலிருந்த மெக்கார்மிக் ஓடிவந்து ஓட்டத்தை முடித்தார். பார்வையாளர்கள் களத்தில் இறங்க, முதல் தளத்திலிருந்த 19 வயது ஃபிரெட் மெர்க்கிள் இரண்டாம் தளத்தைத் தொடாமலே திரும்பிவிட்டார். கப்ஸின் ஜானி எவர்ஸ் ஒரு பந்தோடு அத்தளத்தில் நின்று ஆட்டமிழப்பு கேட்டார். அது ஆட்டத்தில் இருந்த பந்துதானா என்பதில் கூற்றுகள் ஒத்துவரவில்லை. உண்மைப் பந்தை ஜயண்ட்ஸின் மெக்கினிட்டி கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார் என்போர் உண்டு. நடுவர் ஹாங்க் ஓடே மெர்க்கிள் ஆட்டமிழந்ததாகச் சொல்லி ஓட்டத்தை மறுத்தார்; ஆட்டம் சமனாகவே நின்றது. செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்கில் எவர்ஸ் இதையே கேட்டபோது ஏற்காதவரும் அதே ஓடேதான். அக்டோபர் 8 மறு ஆட்டத்தில் கப்ஸ் 4-2 என வென்றது. கறாராகப் பார்த்தால் மெர்க்கிளுடையது கட்டாய ஆட்டமிழப்பு (பின்னால் வருபவருக்கு இடம்விட்டு அடுத்த தளம் போயே தீர வேண்டியவர் அங்கே ஆட்டமிழப்பது), முறையீட்டு ஆட்டமன்று என்பாரும் உளர்.

1983 ஜூலையில் மட்டையில் தார் அதிகம் என்ற சர்ச்சையால் நின்ற யாங்கீஸ்–ராயல்ஸ் ஆட்டம் ஆகஸ்ட் 18 அன்று வேறு நடுவர்களுடன் தொடர்ந்தது. ஜூலையில் ஹோம் ரன் அடித்த ராயல்ஸின் ஜார்ஜ் பிரெட் தளங்களைத் தொட்டதை இவர்கள் பார்த்திருக்க வழியில்லை என்று கணக்கிட்டு, யாங்கீஸ் மேலாளர் பில்லி மார்ட்டின் முறையிட்டார். நடுவர் டேவ் பிலிப்ஸ், பிரெட் தளங்களைத் தொட்டதாகப் பழைய நடுவர்கள் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார்.

2014 முதல் மேஜர் லீக்கில் இத்தகைய தீர்ப்புகள் காணொளி மறுபரிசீலனைக்கும் உட்பட்டவை.