பள்ளிகளில் தொழில்முனைவுக் கல்வி

தொழில்முனைவுக் கல்வி என்பது மேல்நிலை, உயர்நிலை மாணவர்களுக்கு முதலீடு, அடக்கவிலை, கணக்கு, சந்தை ஆகியவற்றைச் செய்முறையோடு கற்பிப்பதாகும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் இது 11, 12ஆம் வகுப்புகளுக்கான விருப்பப் பாடம். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2019இல் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை இதற்கெனப் பாடத்திட்டம் தொடங்கியது. 2021இல் ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ திட்டம் மாணவருக்குத் தலா 2,000 ரூபாய் வரை விதைப்பணமும் தந்தது.

தோல், மண்பாண்டம், மறுசுழற்சி எனத் தொழில்கள் நெருங்கிய மும்பை தாராவியில் பிள்ளைகளுக்கு வியாபாரம் புதிதல்ல. தமிழ்க் குடும்பங்கள் விடியுமுன் இட்லி அவித்து, பாத்திரத்தில் சுமந்து நகரெங்கும் விற்கின்றன. அப்படியிருக்கப் பள்ளி எதைக் கற்றுத்தர வேண்டும்? வீடு சொல்லித்தராத கணக்கை. அரிசி, உளுந்து, எரிவாயு விலையை வீடு கணக்கிடும். மாவரைத்த தாயின் கூலியைக் கணக்கிடாது. அதையும் சேர்த்தால்தான் லாபம் என்று நினைத்தது வெறும் கூலியே என்பது புரியும்.

ஏழைப் பிள்ளைகளை இக்கல்வி கடைக்கே திருப்பிவிடும் என்ற அச்சம் நியாயமானது; 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தமே, பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவ 14 வயதுக்குட்பட்டோரை அனுமதிக்கிறது. ஆனால் இக்கல்வியின் நோக்கம் விற்கப் பழக்குவதல்ல, எடைபோடப் பழக்குவது. வட்டியையும் உழைப்பையும் கணக்கிடத் தெரிந்த மாணவர் குடும்பத் தொழிலா, மேற்படிப்பா என்பதைத் தாமே தேர்வார். அந்தத் தேர்வுரிமையே இக்கல்வியின் பயன்.