சிங்கி இறாலும் ஒரு வெள்ளைத் துணியும்

பி.காம். படிக்கிறவனுக்கு ஓவியத்துல என்ன வேலைன்னு கேட்காதீங்க. இது ஒரு வியாபாரம் பற்றிய ஓவியம்!

1768-ல் கேப்டன் குக் எண்டெவர் கப்பலில் பசிபிக் கடலுக்குக் கிளம்பினார். கூடவே ஜோசப் பேங்க்ஸ் என்ற பணக்கார இயற்கை ஆய்வாளர், தன் செலவில் ஓவியர்களையும் அழைத்துப் போனார். மனிதர்களையும் நிலக்காட்சிகளையும் வரைய வந்தவர் அலெக்சாண்டர் புக்கன். 1769 ஏப்ரலில் தஹிதி போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே அவர் இறந்துவிட்டார். செடிகொடிகளை வரைய வந்த சிட்னி பார்க்கின்சன் தலையில் அந்த வேலையும் விழுந்தது. நியூசிலாந்து மாவோரிகளின் முகத்தில் இருந்த பச்சைக் கோடுகளை அவர் சுழி சுழியாகக் கவனித்து வரைந்தார்.

ஆனால் லண்டனில் நடந்தது வேறு. 1773-ல் வெளியான அதிகாரபூர்வப் பயண நூலில் ரையாத்தியா தீவின் நடனக் காட்சி ஒன்று இருக்கிறது. அதை வரைந்த சிப்ரியானி பசிபிக் பக்கமே போகாதவர். அவர் கையில் தீவுப் பெண்கள் கிரேக்கச் சிலைகள் போல ஆகிவிட்டார்கள். வாசகர்கள் பார்த்தது அதைத்தான்.

இப்போ நம்ம வியாபாரத்துக்கு வருவோம். அந்தப் பயணத்தைச் சேர்ந்த ஒரு நீர்வண்ண ஓவியம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஒரு மாவோரி கையில் சிங்கி இறால், எதிரே நிற்கும் ஆங்கிலேயர் கையில் வெள்ளைத் துணி. பண்டமாற்று. வரைந்தவர் பெயர் தெரியாததால், எண்டெவர் கப்பலில் இருந்த யாரோ ஒரு ஐரோப்பியர் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள்.

1997-ல் பேங்க்ஸ் 1812-ல் எழுதிய ஒரு கடிதம் கவனத்துக்கு வந்தது. வரைந்தவர் துபையா! ரையாத்தியாவில் பிறந்த பூசாரி, கடலோடி, தஹிதியில் கப்பலேறியவர். தன்னைக் கேலிச்சித்திரமாக வரைந்தார் என்கிறார் பேங்க்ஸ். ஒரு கையில் ஆணியை நீட்டிக்கொண்டு, மறு கையால் இறாலை இறுகப் பிடித்தாராம். சரக்கு கைக்கு வரும்வரை ஆணியை விடுவதாக இல்லை. (ஓவியத்தில் இருப்பது துணி, நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஞாபகம் மாறியிருக்கலாம்.)

நம்ம சரக்கு விற்பனைச் சட்டம் 32-வது பிரிவு நினைவிருக்கா? சரக்கும் பணமும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். அதே கதைதான்!

துபையா 1770 டிசம்பரில் பட்டேவியாவில் இறந்தார். அடுத்த மாதமே பார்க்கின்சன் நடுக்கடலில் இறந்தார். இருவருமே லண்டன் போய்ச் சேரவில்லை. காகிதங்கள் மட்டும் சேர்ந்தன. அதில் ஒருவர் பெயர் வெளியே வர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

வெள்ளைக்காரர்கள் தீவு மக்களைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த அதே கப்பலில், ஒரு தீவுக்காரர் வெள்ளைக்காரரைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். அப்படி ஒருவர் வரைந்திருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இனி பழைய படம் எதைப் பார்த்தாலும், வரைந்தது யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.