கடல் கடந்த யாத்திரையும் உடல்நலமும்



செஞ்சியை அடுத்த தளவானூரில் வாழும் எனக்கு, மக்கள் திரளின் இயல்பை அறிய நூல்கள் வேண்டுவதில்லை. அமாவாசைதோறும் எங்கள் வட்டாரத்து மேல்மலையனூரில் அங்காளம்மனைத் தரிசிக்க வந்து குவியும் கூட்டமே போதும். தமிழகத்திலிருந்து ஹஜ் கடமைக்காக மெக்கா செல்வோரும், முருகன் திருவிழாவுக்காகக் கதிர்காமம், பத்துமலை முதலிய தலங்களுக்குச் செல்வோரும் உளர். இவ்வாறு கடல் கடந்து பெருங்கூட்டங்களிற் கலப்போர் தம் உடல்நலத்தைக் காக்கும் வழி யாது? நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், அவ்வரலாற்றிடமே இதற்கு விடை கேட்க விழைகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாத்திரிகரின் பெரும் பகையாய் விளங்கியது, வாந்திபேதி என்று நம் முன்னோர் அஞ்சிய காலரா ஆகும். 1865ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் அந்நோய் மெக்காவிற் பரவிற்று. அங்குக் கூடிய ஏறத்தாழ 90,000 பேரில் 15,000 பேர் மாண்டனர் என மதிப்பிடுவர். எஞ்சியோர் கப்பலேறி ஊர் திரும்பினர். நோயும் உடன் சென்றது. சூயஸ் வழியே எகிப்தை அடைந்து, மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் வாயிலாக ஐரோப்பாவிற் புகுந்தது. பாலைவனத்தில் வாரக்கணக்கில் நடந்து திரும்பிய காலத்தில் நோய் வழியிலேயே அடங்கிவிடுவதுண்டு. நீராவிக் கப்பல் மனிதனுக்குத் தந்த விரைவை நோய்க்கும் தந்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1867இல், ஹரித்துவாரக் கும்பமேளாவிலிருந்து திரும்பியவர்களோடு வடஇந்தியாவெங்கும் காலரா பரவியது.

அச்சமுற்ற அரசுகள் 1866இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் சர்வதேச சுகாதார மாநாட்டைக் கூட்டின. பின்னர் 1882 முதல், செங்கடலிலுள்ள கமரான் தீவில் யாத்திரிகக் கப்பல்கள் நிறுத்தப்பட்டன. இந்தியாவிலிருந்து சென்ற ஏழை எளியோர் அங்கே நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். அதற்குரிய கட்டணமும் அவர்களிடமே வாங்கப்பட்டது. நம் கரையிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின்னரே அக்கரை செல்ல விடப்பட்டனர். கதிர்காமத் திருவிழாவுக்குச் செல்வோர்மீதும் இலங்கையின் பிரிட்டிஷ் அரசாங்கம் கட்டுப்பாடுகள் விதித்தது.

தடுத்து வைத்தல் மட்டும் நோயை வென்றதா எனின், இல்லை என்றே கூறவேண்டும். நோய்க்குக் காரணம் கூட்டமன்று. கூட்டம் பருகிய நீரே. 1884இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், கல்கத்தாவில் ஆராய்ந்து, மக்கள் புழங்கிய குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். குளிப்பதும் துவைப்பதும் குடிப்பதும் ஒரே குளத்தில் நிகழ்ந்தால் விளைவு யாது என்பதை உலகம் அதனால் உணர்ந்தது. நோயைச் சுமந்த நீரே மருந்தாகவும் ஆயிற்று. 1971இல் வங்காள அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ், தூய நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து குடிக்கச் செய்து, பேதியால் வாடிய எண்ணற்றோரைச் சாவினின்று மீட்டார்.

பழம்பகை தணிந்தது, புதுப்பகைகள் தோன்றின. 1987இலும் 2000இலும் ஹஜ் யாத்திரிகரிடையே மூளையுறைக் காய்ச்சல் பரவிற்று. 2000இல், யாத்திரையே செல்லாமல் வீட்டிலிருந்த உறவினரையும் அது பற்றியது. அதன்பின் நால்வகைக் கிருமிகளைத் தடுக்கும் ஊசி யாத்திரிகருக்குக் கட்டாயமாயிற்று. 2024இல் வெப்பம் 50 பாகையைக் கடந்தபோது 1,301 பேர் இறந்ததாகச் சவுதி அரசு அறிவித்தது. அவர்களுள் ஐந்தில் நால்வருக்கு மேற்பட்டோர் அனுமதியின்றி வந்து, நிழலும் இடவசதியும் பெறாது வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் அவ்வறிவிப்புக் கூறிற்று. பணமில்லாமையும் யாத்திரை ஆர்வமும் ஒன்றுகூடும் இடத்திலேதான் உயிர்ச்சேதம் மிகுகிறது என்பதைக் கமரான் காலத்தைப் போலவே நம் காலமும் காட்டுகிறது.

ஆகவே, யாத்திரை செல்வோர் மேற்கொள்ள வேண்டியவை சிலவே. செல்லும் நாட்டு அரசு விதித்த தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டுக்கொள்க. நாள்தோறும் உண்ணும் மருந்துகளை, மருத்துவர் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்துக்கொள்க. கொதித்தாறிய நீரையோ, மூடி முத்திரையிட்ட நீரையோ பருகுக. உணவுக்கு முன் சோப்பிட்டுக் கை கழுவுக. உச்சி வெயிலில் குடையின்றி நடவாதீர். ஊர் திரும்பியபின் காய்ச்சலோ பேதியோ கண்டால், சென்றுவந்த நாட்டின் பெயரை மருத்துவரிடம் முதலிலேயே கூறுக.

இவை யாத்திரிகர் ஒருவருக்காக மட்டும் கூறப்படுவன அல்ல. பிரசாதத்தையும் புனித நீரையும் எதிர்பார்த்து வீட்டில் காத்திருக்கும் முதியோரும் குழந்தைகளும் இருக்கின்றனர். அவர்களிடம் நோயைக் கொண்டு சேர்க்காமல் திரும்புவதும் யாத்திரையின் கடமைகளுள் ஒன்றாகும்.