வளரிளம் பெண்களில் இரும்புக் குறைபாட்டுக் குருதிச்சோகைத் தடுப்பு

இரும்புக் குறைபாட்டுக் குருதிச்சோகை என்பது உடலில் போதிய இரும்புச்சத்து இல்லாமையால் குருதியில் ஈமோகுளோபின் அளவு குறையும் நிலையாகும். இது இரத்தசோகை எனவும் வழங்கப்படுகிறது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள, கருவுறாத பெண்களில் ஈமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் குருதிக்கு 12 கிராமுக்குக் கீழ் இருப்பதைக் குருதிச்சோகை என உலக சுகாதார அமைப்பு வரையறுக்கிறது. இந்தியாவில் 2019–21 காலப்பகுதியில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயது வரையான பெண்களில் 59.1 விழுக்காட்டினரிடமும் அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினரிடமும் குருதிச்சோகை காணப்பட்டது. இதற்குப் பல காரணங்கள் இருப்பினும், இரும்புக் குறைபாடு அவற்றுள் முதன்மையான ஒன்றாகும்.

காரணங்கள்

வளரிளம் பருவத்தில் உடல் விரைந்து வளர்வதால் குருதியின் அளவும் கூடுகிறது. அதே பருவத்தில் மாதவிடாயும் தொடங்குகிறது. ஒரு மில்லிலிட்டர் குருதி வெளியேறும்போது ஏறத்தாழ 0.5 மில்லிகிராம் இரும்பு இழக்கப்படுகிறது. எனவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் 13–15 வயதுச் சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு 22 மில்லிகிராமும், சிறுமிகளுக்கு 30 மில்லிகிராமும் இரும்பு தேவை எனப் பரிந்துரைத்தது. கொக்கிப்புழுத் தொற்று, காலை உணவைத் தவிர்த்தல், வீட்டுப் பெண்கள் கடைசியாக எஞ்சியதை உண்ணும் வழக்கம் ஆகியனவும் குறைபாட்டை மிகுவிக்கின்றன.

அறிகுறிகள்

களைப்பு, படியேறும்போது மூச்சுவாங்குதல், தலைச்சுற்றல், வெளிறிய கண்ணிமை உட்புறம், கவனக்குறைவு ஆகியன பொதுவான அறிகுறிகளாகும். சிலருக்குப் பச்சரிசி, மண், பனிக்கட்டி போன்றவற்றைத் தின்னும் வேட்கை எழும். அறிகுறிகள் மெல்ல வளர்வதால் அவை சோம்பல் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு.

உணவுமுறை

ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள ஈம் வகை இரும்பு எளிதில் உறிஞ்சப்படும். கீரை, பயறு, கம்பு, கேழ்வரகு, எள் போன்ற தாவர உணவுகளின் இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும். ஆகவே உண்ணும் அளவு மட்டுமன்றி, எதனுடன் உண்ணப்படுகிறது என்பதும் முக்கியமாகும்.

* நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை முதலியவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி, தாவர இரும்பின் உறிஞ்சலைக் கூட்டும். சுண்டலில் எலுமிச்சைச் சாறு பிழிவது இதற்கு எளிய வழியாகும்.
* தேநீர், காப்பி ஆகியன உறிஞ்சலைக் குறைக்கும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இவற்றைத் தவிர்த்தல் நன்று.
* பயறுகளை முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் இரும்பைத் தடுக்கும் பைட்டேட்டைக் குறைக்கின்றன.
* இரும்புச் சட்டியில் சமைத்தால், குறிப்பாகப் புளிப்புள்ள குழம்புகளில், சிறிதளவு இரும்பு கலக்கும்.

நலக்கல்வியும் மாத்திரைகளும்

2018 இல் தொடங்கப்பட்ட 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தில், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட நீலநிற மாத்திரை வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை வழங்கப்படுகிறது. குடற்புழு நீக்க மருந்தும் ஆண்டுக்கு இருமுறை அளிக்கப்படுகிறது. மாத்திரையால் குமட்டல் ஏற்படலாம், மலம் கருநிறமாகும். இதனை அறியாத மாணவியர் அஞ்சி மாத்திரையைக் கைவிடக்கூடும். உணவுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும் என்பதையும், நிறமாற்றம் தீங்கற்றது என்பதையும் முன்கூட்டியே விளக்குதல் நலக்கல்வியின் பணியாகும். வீட்டில் சமைப்பவரும் செலவைத் தீர்மானிப்பவரும் பெரியவர்களே என்பதால், பெற்றோருக்கும் இக்கல்வி தேவை.

குருதிச்சோகை ஏற்பட்டபின் உணவு மட்டும் போதாது. குருதிப் பரிசோதனையும் மருத்துவ ஆலோசனையும் இன்றியமையாதவை. உயிர்ச்சத்து பி12 குறைபாடு, தலசீமியா போன்றவையும் குருதிச்சோகையை உண்டாக்கலாம். மாதவிடாயில் மிகுதியான குருதிப்போக்கு இருப்பின் அதற்குத் தனியே மருத்துவம் பெறவேண்டும்.