பேசின் பிரிட்ஜில் ஏன் நிற்கிறது? - சென்ட்ரல், எழும்பூர் நெரிசலின் கதை

சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் வந்து இறங்கிய எல்லோருக்கும் பழக்கமான காட்சி இது. பெரம்பூர் தாண்டியதும் மேலே இருக்கும் பெட்டிகளை எல்லாம் இறக்கி, செருப்பை மாட்டி, வாசலில் வரிசையாக நின்றுவிடுவோம். ரயிலும் பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து நின்றுவிடும். எதிரே இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் சென்ட்ரல். ஆனால் போக முடியாது. "பிளாட்ஃபாரம் காலி இல்லையாம்" என்று யாராவது ஒருவர் விவரம் சொல்வார்.

உண்மையில் பிளாட்ஃபாரம்தான் பிரச்சினையா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சென்னை ரயில் நிலையங்களின் 170 வருடக் கதை முழுவதும் வந்துவிடுகிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அப்போது மெட்ராஸின் முனையம் ராயபுரம்தான். அது துறைமுகத்துக்குப் பக்கம், வணிகர்கள் வாழ்ந்த பகுதிக்கும் பக்கம். சரக்கும் ஆட்களும் பெருகியதும் இடம் போதவில்லை. 1873-இல் பார்க் டவுனில் இன்னொரு நிலையம் கட்டினார்கள். அதுதான் சென்ட்ரல். தொடக்கத்தில் 4 நடைமேடைகள். 1907-இல் பீச் பாதை தெற்கே நீட்டப்பட்டதும் ராயபுரம் முனையம் என்ற தகுதியை இழந்தது. ரயில்கள் எல்லாம் சென்ட்ரலில் முடிந்தன.

அடுத்த வருடமே, 1908 ஜூனில், எழும்பூர் நிலையம் திறக்கப்பட்டது. ஒரே ஊரில், நடந்தே போகும் தூரத்தில், எதற்கு இரண்டு பெரிய நிலையங்கள்? காரணம், அவை இரண்டு வேறு கம்பெனிகள் மட்டுமல்ல, இரண்டு வேறு தண்டவாளங்கள். சென்ட்ரல் பக்கம் அகலப்பாதை. எழும்பூரில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர்கேஜ். இங்கே ஓடும் வண்டி அங்கே ஓடாது. கம்பெனிகளை இணைத்து 1951-இல் தெற்கு ரயில்வே உருவான பிறகும் இந்தச் சுவர் இடியவில்லை. முதலாளி ஒருவர்தான், ஆனால் ஒரு கடையின் சரக்கை இன்னொரு கடையில் விற்க முடியாது என்கிற மாதிரி :-) சென்ட்ரலில் கூட்டம் தாங்காவிட்டாலும் ஒரு ரயிலைக்கூட எழும்பூருக்கு அனுப்ப வழியில்லை. 1990-களில் தெற்கத்திப் பாதைகள் அகலமாக ஆரம்பித்த பிறகே இது மாறியது. பீச் - தாம்பரம் மின்சார ரயிலில் மீட்டர்கேஜ் 2004 வரை ஓடியது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சென்ட்ரல் ஒரு முட்டுச்சந்து. ரயில் நுழைந்த வழியாகவே வெளியே வர வேண்டும். உள்ளே வந்த வண்டியின் இன்ஜின் சுவர்ப் பக்கம் மாட்டிக்கொள்ளும். மறுபக்கம் வேறு இன்ஜின் வந்து இணைய வேண்டும். காலிப் பெட்டிகளைக் கழுவித் துடைக்க பேசின் பிரிட்ஜ் யார்டுக்கு இழுத்துப்போக வேண்டும். கிளம்பும் நேரத்தில் மறுபடி கொண்டுவந்து விட வேண்டும். வடக்கே கூடூர் பாதையும் மேற்கே அரக்கோணம் பாதையும் பேசின் பிரிட்ஜ் பகுதியில்தான் சேர்கின்றன. ஆக, பயணிகளோடு வரும் ரயில், பயணிகளோடு போகும் ரயில், காலியாக வரும் ரயில், காலியாகப் போகும் ரயில் எல்லாம் அந்த ஒரே கழுத்து வழியாகத்தான் போயாக வேண்டும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்டாக் டர்ன்ஓவர் கணக்குதான். ஒரு நடைமேடையை ஒரு ரயில் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டால் 24 மணி நேரத்தில் 24 ரயிலுக்கு மேல் அங்கே வர முடியாது. 40 நிமிடத்தில் காலி செய்தால் அதே நடைமேடை 36 ரயிலுக்கு இடம் கொடுக்கும். புது நடைமேடை கட்டாமலே ஒன்றரை மடங்கு! ஆனால் இதிலும் ஒரு 'ஆனால்' உண்டு. அந்தக் கழுத்து 36 ரயிலுக்கு வழிவிட வேண்டும். விடாவிட்டால் நடைமேடை காலியாகக் கிடக்கும், ரயில் வெளியே நிற்கும்.

வரலாற்றில் இதற்கு என்ன செய்தார்கள்? பெரும்பாலும் இடம் தேடினார்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீயில் அழிந்தது. பழைய புத்தகம் முதல் சகலமும் கிடைத்த சந்தை. கடைக்காரர்கள் பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய இடத்தில் புறநகர் ரயில்களுக்கான தனி நிலையம் வந்தது. இன்றைக்கும் அதன் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்தான். மின்சார ரயில்கள் அந்தப் பக்கம் போனதால் சென்ட்ரலுக்கு மூச்சு வந்தது. இன்று வெளியூர் ரயில்களுக்கு 12 நடைமேடைகள், புறநகருக்கு 5. போதாததற்கு 2-க்கும் 3-க்கும் நடுவே '2ஏ' என்று ஒரு குட்டி நடைமேடை வேறு. இடம் எவ்வளவு இறுக்கம் என்பதை அந்த '2ஏ' ஒன்றே சொல்லிவிடும்.

இரண்டாவது வழி, உள்ளே வரத் தேவையில்லாத ரயிலை வெளியிலேயே அனுப்பிவிடுவது. வடநாட்டிலிருந்து கேரளா போகும் சில ரயில்கள் இப்போது சென்ட்ரலுக்குள் நுழைவதில்லை, பெரம்பூரில் நின்றுவிட்டுப் போகின்றன. இன்ஜின் மாற்றும் வேலை இல்லை, கழுத்தை இரண்டு முறை அடைக்கும் வேலையும் இல்லை.

மூன்றாவது வழி, கழுத்தையே அகலப்படுத்துவது. இதற்கு உதாரணம் எழும்பூர். எழும்பூர் முட்டுச்சந்து அல்ல, அந்தப் பக்கம் பீச் வரை பாதை போகிறது. கன்னியாகுமரி - ஹவுரா போன்ற ரயில்கள் அந்த வழியாகத்தான் வடக்கே போகின்றன. ஆனால் பீச்சுக்கும் எழும்பூருக்கும் நடுவே இருந்தவை மூன்றே பாதைகள். இரண்டு மின்சார ரயிலுக்கு. மிச்சமிருந்த ஒன்றில்தான் வெளியூர் ரயில்கள் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். ஒன்று வந்து முடியும் வரை மற்றது காத்திருக்கும். இந்த 4 கிலோமீட்டர் சொச்சத்துக்கு நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் கடைசியில் பீச் - சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். பதினாலு மாதம்!

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. நான்காவது பாதையால் பலன் அடைவது யார்? பெரும்பாலும் வெளியூர் ரயிலில் போகிறவர்கள். அதற்காகப் பதினாலு மாதம் விலை கொடுத்தது யார்? வேளச்சேரி பக்கத்திலிருந்து பாரிமுனைக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள். மூர் மார்க்கெட்டிலும் கணக்கு இதேதான். லாபம் ஒருவர் பெயரில், செலவு இன்னொருவர் பெயரில்.

தாம்பரத்தை மூன்றாவது முனையமாக வளர்த்ததையும் இப்படித்தான் பார்க்கிறேன். எழும்பூருக்குச் சுமை குறைந்தது நிஜம். தெற்கே குடியிருப்பவர்களுக்கு வசதி என்பதும் நிஜம். ஆனால் வடசென்னைக்காரர் விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கினால், மூட்டை முடிச்சோடு மின்சார ரயில் ஏறி இன்னொரு பயணம் போக வேண்டும். ஆட்டோவில் போனால் திருநெல்வேலியிலிருந்து வந்த டிக்கெட்டை விட அதிகம் ஆகலாம். அந்தச் செலவு ரயில்வேயின் கணக்குப் புத்தகத்தில் வராது, நம் பர்ஸில்தான் வரும்.

அதற்காக எதையும் செய்யாதே என்று சொல்லவில்லை. நான்காவது பாதை அவசியம்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கழுத்தையும் நேரத்தையும். பிறகுதான் புது நடைமேடை, புது முனையம். கடைசி வழியாக இருக்க வேண்டிய 'வேறு இடத்துக்கு மாற்று' என்பதையே நாம் முதல் வழியாகச் செய்துவந்திருக்கிறோம்.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. இப்போது பெரம்பூரை நான்காவது முனையமாக்கும் பேச்சு நடக்கிறது. வடசென்னை மக்களோ பல வருடங்களாக வேறொரு இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த இடம் தெரியுமா? 1907-இல் போதாது என்று விட்டுவிட்டு வந்த அதே ராயபுரம்!