களக்காட்டில் கற்ற பாடமும் நம் வீட்டுக் காய்கறிக் கூடையும்

மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையில் போய்வருபவரா நீங்கள்? அல்லது பக்கத்து ஊர்த் தோட்டக்காரர் ஒருவரிடம் வாரந்தோறும் நேரடியாகக் காய் வாங்குகிறீர்களா? எதுவானாலும், ஒரு வரலாற்றில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. அதன் முக்கியமான பகுதி நம் பக்கத்தில்தான் நடந்தது.

தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-இல் பிறந்த கோ. நம்மாழ்வார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துவிட்டு, 1963-இல் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கோவில்பட்டி கரிசல் பூமி. மழையை நம்பிய மானாவாரி விவசாயம். அங்கே விலை கொடுத்து வாங்கும் உரத்தையும் மருந்தையும் வைத்து ஆராய்ச்சி நடந்தது. கையில் காசில்லாத சம்சாரிக்கு இது கட்டுப்படியாகாது என்று அவர் சொன்னது எடுபடவில்லை. 1969-இல் வேலையை விட்டார்.

அடுத்து அவர் வந்த இடம் களக்காடு. அமைதிக்கான நோபல் பரிசை 1958-இல் பெற்ற பெல்ஜியப் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய 'அமைதித் தீவு' அமைப்பு, அந்த வட்டாரக் கிராமங்களில் பணியாற்றியது. அதில் வேளாண் வல்லுநராகச் சுமார் பத்து ஆண்டுகள் இருந்தார். பச்சையாறு பாயும் அந்த மலையடிவாரத்தில்தான் அவருக்கு ஒன்று தெளிவானது: விவசாயத்துக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும், கழிவு என்று ஒதுக்குவது மறுபடி மண்ணுக்குப் போக வேண்டும். பின்னாளில் தமிழ்நாடு முழுக்க அவர் நடந்து நடந்து சொன்னது இதைத்தான். 2013 டிசம்பர் 30 அன்று மறையும் வரை சொன்னார்.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் இதைப் போன்ற ஒரு முறையை வகுத்து, 1978-இல் நூலாக வெளியிட்டார்கள். 'பெர்மாகல்ச்சர்' என்று இன்று நாம் கேள்விப்படுவது அதுதான். காடு எப்படி அடுக்கடுக்காக வளர்கிறதோ, அப்படியே தோட்டத்தையும் அமைப்பது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மேலே தென்னை, அதன் கீழே வாழை, நிழலில் சேனையும் மஞ்சளும், வேலியில் அவரை, வீட்டை ஒட்டிக் கீரைப்பாத்தி. மாடும் கோழியும் உரம் தரும்.

இப்படிப்பட்ட தோட்டத்துக்கு மண்ணைவிடப் பெரிய சிக்கல் விற்பனை. கார், பிசானம் என்று இரு போகம் நெல்லும், வாழையும் விளையும் பள்ளத்தாக்கு நம்முடையது. ஒரே சரக்கை வண்டி நிறைய ஏற்றினால் மண்டியில் எடுத்துக்கொள்வார்கள். சூறைக்காற்று அடித்து வாழை சாய்ந்தால் அந்த வருஷப் பாடு அவ்வளவுதான். பத்து வகை பயிரிட்டவருக்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் அவரிடம் இருப்பது நாலு கிலோ கத்தரி, இரண்டு பூசணி, பத்துக் கட்டுக் கீரை. இதை யார் வாங்குவார்?

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது இதற்கு ஒரு வழி கிடைத்தது. இடைத்தரகர் இல்லாமல், அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயியே தராசைப் பிடித்தார். அடுத்த வழி நம்மைப் போன்ற குடியிருப்புகள். நாற்பது வீடு சேர்ந்தால் ஒரு சிறு தோட்டத்தின் வார விளைச்சல் தீர்ந்துவிடும்.

ஆனால் அதற்கு நம் பழக்கம் கொஞ்சம் மாற வேண்டும். எல்லா வாரமும் தக்காளி கேட்காமல், விளைந்ததை வாங்குங்கள். வேண்டாம் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பறித்த கீரை மறுநாள் விலை போகாது. பணத்தை அன்றைக்கே கொடுங்கள். களக்காட்டில் அவர் கற்ற பாடத்தின் பாதி தோட்டக்காரருக்கு. மீதிப் பாதி, வாங்குகிற நமக்கு.