ஒரே பாய், ஒரே பாத்திரம்: தமிழ்க் கிறிஸ்தவ வழிபாட்டின் வரலாறு

விவிலியம் காட்டும் முதல் வழிபாடே கொலையில் முடிகிறது. காயீனும் ஆபேலும் ஆளுக்கொரு காணிக்கை கொண்டுவருகிறார்கள். தம்பியுடையது ஏற்கப்படுகிறது, அண்ணனுடையது ஏற்கப்படவில்லை. அண்ணன் தம்பியை வயலில் வைத்துக் கொல்கிறான். வழிபடுகிறவனுக்கும் அவன் உடன்பிறந்தவனுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்ற கேள்வி அந்தக் கதையோடு வழிபாட்டில் ஒட்டிக்கொண்டது. விவிலியத்தின் கடைசிப் பக்கங்கள் வரை அது விலகவே இல்லை.

மோசேயின் காலத்தில் வழிபாட்டுக்கு ஒழுங்கு வந்தது. ஆசரிப்புக் கூடாரம், பலிபீடம், ஆசாரியர், பண்டிகை நாள்கள் எல்லாம் வகுக்கப்பட்டன. தாவீது ஆலய இசைக்கென்று ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் குடும்பங்களை நியமித்தார் என்றும், பயிற்சி பெற்ற பாடகர் 288 பேர் இருந்தனர் என்றும் நாளாகமம் கணக்குச் சொல்கிறது. சாலொமோனின் ஆலயம் எழுந்ததும் வழிபாடு அரசின் பெருமையாகவும் ஆனது. தீர்க்கதரிசிகள் குறுக்கிட்டது அந்தக் கட்டத்தில்தான். ஏழைகளைக் காலால் மிதித்துவிட்டு வந்து பாடும் பாட்டைக் கடவுள் கேட்கமாட்டார் என்றார் ஆமோஸ். இரத்தக்கறை படிந்த கைகளை ஏறெடுத்துச் செய்யும் ஜெபத்தை ஏசாயா கண்டித்தார். பின்னாளில், இரண்டாவது ஆலயத்தின் காலத்தில், குருடும் நொண்டியுமான ஆடுகளைப் பார்த்துப் பார்த்துப் பலிக்கு அனுப்பியவர்களை மல்கியா சாடினார். மூவரும் வழிபாட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. அதைச் செய்கிறவர்களின் வாழ்க்கையை வழிபாட்டுக்குள் இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் ஆலயத்தை இடித்தபோது பலி நின்றது. வேதம் வாசிப்பதும் ஜெபிப்பதும் வழிபாட்டின் நடுவுக்கு வந்தன. இரண்டாவது ஆலயம் எழுந்த பிறகும் ஜெபக்கூடங்கள் ஊருக்கு ஊர் நிலைத்தன. இயேசு பேசியது இந்த இரண்டும் சேர்ந்த உலகில். சமாரியப் பெண் ஒருத்தி யாக்கோபின் கிணற்றடியில் அவரிடம் கேட்டது நேரடியான கேள்வி: தொழவேண்டிய இடம் எங்கள் மலையா, உங்கள் எருசலேமா? இடத்தைச் சொல்லாமல், ஆவியோடும் உண்மையோடும் தொழுகிறவர்களையே பிதா தேடுகிறார் என்ற பொருளில் இயேசு விடை சொன்னதாக யோவான் சுவிசேஷத்தின் 4ஆம் அதிகாரம் பதிவுசெய்கிறது. யூதர் சமாரியரோடு புழங்காத காலம் அது. அந்தப் பெண்ணிடம் அவர் முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். வழிபாட்டைப் பற்றிய மிக உயர்ந்த போதனை, தீட்டு என்று விலக்கப்பட்ட ஒரு பாத்திரத்தில் நீர் கேட்பதிலிருந்து தொடங்குகிறது. மலைப்பிரசங்கத்தில் இன்னும் கடுமையாக, சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்றார்.

தொடக்ககாலச் சபையார் வீடுகளில் கூடினார்கள். அப்போஸ்தலரின் உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம் என்ற நான்கும் அவர்களுடைய வழிபாடு. அங்கும் கோளாறு உடனே வந்தது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பட்டினியாக உட்கார்ந்திருந்தார்கள். தமிழர் பந்தி வஞ்சனை என்று சொல்வது இதைத்தான். அப்படி உண்பது ஆண்டவருடைய விருந்தே ஆகாது என்று பவுல் தீர்ப்பளித்தார். யாக்கோபின் நிருபம் கோயிலுக்குள் இருக்கையையே எடுத்துக்கொள்கிறது: பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், கந்தல் உடுத்தவனுக்குக் காலடியும் கொடுக்கும் சபையை அது குற்றவாளி என்கிறது. பாட்டு எந்த ராகத்தில், கட்டடம் எந்த வடிவில், உட்காருவது பாயிலா பலகையிலா என்பவற்றைப் பற்றிப் புதிய ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றும் விதிக்கவில்லை. யாரோடு உட்காருவது, யாரோடு உண்பது என்பதில் மட்டும் அது விட்டுக்கொடுக்கவே இல்லை. தமிழ்நாட்டுத் திருச்சபை நானூறு ஆண்டுகளாகத் தடுமாறி வந்திருப்பது இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

தமிழில் கிறிஸ்தவ வழிபாடு முத்துக்குளித்துறையில் வேர்விட்டது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து பரதவர் ஊர்களில் மனப்பாடமாகக் கற்பித்தார். அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலே வழிபாட்டுக்கு உதவும் நூல். 1606இல் மதுரை வந்த ராபர்ட் தெ நோபிலி காவியும் பூணூலும் தரித்து, தமிழும் வடமொழியும் கற்று, இந்த நாட்டின் நடையுடையோடு கிறிஸ்தவத்தைச் சேர்த்தார். அந்த முயற்சி சாதியையும் கூடவே உள்ளே அழைத்துக்கொண்டது. உயர்சாதியாருக்கு ஒரு வகைத் துறவியர், மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமிகள் என்று மதுரை மிஷன் பிரிந்து நடந்தது.

லுத்தரன் மிஷனெரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே ஒரு கோயில், 1715க்குள் தமிழில் அச்சான புதிய ஏற்பாடு, 1718இல் புதிய எருசலேம் ஆலயம் என்று வேலை விரைந்தது. ஜெர்மானியப் பாடல்களை அவற்றின் மெட்டிலேயே தமிழாக்கிப் பாடவைத்தார்கள். பிறகு சென்னை வேப்பேரியில் பல ஆண்டுகள் உழைத்த பப்ரிசியுஸ் அந்த வரிசையில் பல ஞானப்பாட்டுகளையும், லுத்தரன் சபையார் நெடுங்காலம் போற்றிய ஒரு வேத மொழிபெயர்ப்பையும் தந்தார். தரங்கம்பாடிக் கோயிலில் எல்லாரும் ஒரே பிரசங்கத்தைக் கேட்டார்கள். ஆனால் சாதியாரும் தலித்துகளும் இடைவெளி விட்டுத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். காலப்போக்கில் விலகிவிடும் வழக்கம் என்று மிஷனெரிகள் நினைத்துப் பொறுத்தார்கள். நூறு ஆண்டு கழிந்தும் அது விலகவில்லை.

வழக்கு வெடித்தது தஞ்சாவூரில். அதன் நடுவே நின்றவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியோடு படித்தவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடும் கீர்த்தனைகளில் கணிசமானவை அவருடையவை. புதிதாக வந்த மிஷனெரிகள் பழைய சபைக்கு நான்கு கொடுமைகள் செய்கிறார்கள் என்று 1829இல் அவர் எழுதினார். வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள்; பண்டிகைகளில் பூவை விலக்குகிறார்கள்; கோயிலில் தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள்; எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே பாத்திரத்தில் பங்குகொள்ளச் சொல்கிறார்கள். இவையே அந்த நான்கு.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். பூவும் பாட்டும் குறித்த அவருடைய முறையீடு முழுக்க நியாயமானது. பூச்சூடுவது சிலைவழிபாடு என்றும், கீர்த்தனை கோயிலுக்கு ஆகாது என்றும் தீர்மானித்த வெள்ளைக்கார ஊழியர்கள் தங்கள் ஊர் வழக்கத்தையே வேதம் என்று எடுத்துக்கொண்டார்கள். தாவீதின் 288 பாடகர்களை மறந்துவிட்டுப் பேசிய பேச்சு அது. ஆனால் நான்காவது முறையீட்டில் சாஸ்திரியார் தவறினார். உட்காரும் இடமும் குடிக்கும் பாத்திரமும் வேளாளரின் ஊர் ஆசாரம், அதைக் காப்பது விசுவாசத்துக்குக் குறைவல்ல என்று அவர் வாதிட்டார். யாக்கோபின் நிருபமும் கொரிந்தியருக்கு எழுதிய நிருபமும் மறுத்தது அதையேதான். வடிவத்தில் மிஷனெரிகள் தவறினார்கள், ஐக்கியத்தில் சாஸ்திரியார் தவறினார். இரண்டு கேள்விகளையும் இரு தரப்பாரும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டதுதான் அந்த நூற்றாண்டின் துயரம். தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றவர் சாதிக்காரர் ஆனார். சாதி வேண்டாம் என்றவர் தமிழ்ப் பாட்டையும் சேர்த்து விலக்கினார்.

கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் அனுப்பிய சுற்றறிக்கை சாதி வழக்கத்தை உடனே, முழுவதும், ஒரே அடியாக விடவேண்டும் என்றது. அது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் படிக்கப்பட்டபோது நூற்றுக்கணக்கானவர்கள் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலர் பின்னாளில் சாதியை அவ்வளவு கடுமையாக நெருக்காத லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். மதுரையில் அமெரிக்க மிஷனார் வேறு வழி எடுத்தனர். 1840களின் பின்பாதியில், ஊழியக்காரர்கள் எல்லாச் சாதியாரும் சமைத்துப் பரிமாறும் அன்பின் விருந்தில் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று வைத்தனர். உண்ண மறுத்தவர்கள் வேலையிழந்தார்கள். 1850இல் சென்னை மிஷனெரிகள் மாநாடும் அதே அளவுகோலை ஏற்றது. எவ்வளவு ஜெபித்தாலும் பந்தியில் உட்காராதவர் சாதியை விட்டவராகமாட்டார் என்று அவர்கள் கண்டுகொண்டது சரியான கணிப்பு. கட்டாயத்தால் மனம் மாறுமா என்பது வேறு.

அதே மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் முடிச்சின் மறுமுனையை அவிழ்த்தார். முதியவரான சாஸ்திரியாரைத் தேடிப் போய், கீர்த்தனைகளைக் கேட்டறிந்து, 1853இல் தமிழ்க் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். தமிழ்ப் புராட்டஸ்டன்ட் கோயில்களில் மேலைநாட்டு மெட்டில் அமைந்த பாமாலையும் கீர்த்தனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடப்படும் பழக்கம் அதன்பின் உறுதியானது. திருநெல்வேலிச் சீமையில் மிஷனெரி இரேனியஸ் 1820 முதல் கட்டிய கிராமச் சபைகள் தங்கள் போக்கில் இன்னொன்று வளர்த்தன. உலையில் அரிசி போடும் முன் பெண்கள் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை, ஊரே ஒன்றாக உண்ணும் அசனம் ஆகியவை இறையியல் கல்லூரிகளில் பிறந்தவை அல்ல. வேளாண் வாழ்க்கையிலிருந்து வந்தவை. ஆதிச்சபையின் அப்பம் பிட்குதலுக்கு மிக அருகில் வந்த தமிழ் வழக்கம் எது என்று கேட்டால் அசனத்தைத்தான் காட்டவேண்டும்.

கத்தோலிக்கர் இதே கேள்வியைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் சந்தித்தார்கள். மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில், 1870களில் எழுந்த திருக்குடும்ப ஆலயம் கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு நீண்ட பகுதிகளாகக் கட்டப்பட்டது. இரண்டும் பீடத்தருகே கூடும். ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார்; நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் குருவை இரு பக்கத்தாரும் காணலாம், ஒருவரை ஒருவர் காணமுடியாது. 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. தங்கள் உரிமை போயிற்று என்று ஒரு தரப்பார் வழக்குப் போட்டார்கள். கோயிலுக்குள் சாதியின் பெயரால் அப்படி ஓர் உரிமை இல்லை என்றே சென்னை உயர் நீதிமன்றம் முடிவுசெய்தது.

இருபதாம் நூற்றாண்டு வடிவத்தின் பூசலைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. 1921இல் சவரிராயன் ஏசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயம் திராவிடக் கோயில் கலையைத் தழுவி எழுந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950இல் அது வெளியிட்ட திருவிருந்து முறைமையில், சமாதான வாழ்த்தைக் கையிலிருந்து கைக்குக் கடத்தும் வழக்கம் சிரியன் மரபிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. பக்கத்தில் நிற்பவர் யாராயினும் அவர் கையைத் தொட்டாகவேண்டும். 1829இல் தஞ்சாவூரில் இது நடந்திருக்குமா என்று எண்ணிப்பார்த்தால் அந்தச் சிறு சைகையின் எடை விளங்கும். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிகாட்டியபின் திருப்பலி தமிழானது. 1969இல் தரையில் அமர்வதும் ஆரத்தியும் குத்துவிளக்கும் இந்தியத் திருப்பலிக்கு அனுமதிக்கப்பட்டன. 1920களில் கொழும்பில் தொடங்கி, பின்னர் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் தலைமையகம் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் சபைகளில் விசுவாசிகள் வெள்ளை உடுத்துப் பாயில் உட்கார்ந்து ஆராதிக்கிறார்கள்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இத்தனை மரபும் ஓரிடத்தில் வந்து குவிந்தன. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படைத் தளம் என்று வேலை பெருகியபோது தென்மாவட்டத்தாரும் மலையாளிகளும் தெலுங்கரும் குடியேறினார்கள். ஊர்க்கோயிலில் எந்தக் குடும்பத்துக்கு எந்த வரிசை என்ற கணக்கு இங்கே எடுபடாது. வாடகை மண்டபத்து நாற்காலியில் யார் முந்தி வந்தாரோ அவரே முன்னே உட்காருகிறார். கீர்த்தனையும் கீபோர்டும், உபவாச ஜெபமும் நற்கருணை ஆராதனையும் ஒரே தெருவில் கேட்கின்றன. இருக்கையின் வழக்கைப் புறநகரம் ஓசையின்றி முடித்துவைத்தது. கல்யாணப் பேச்சில் சாதி கேட்கும் பழக்கத்தை அதனால் முடிக்க இயலவில்லை. கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரங்கள் இன்றும் அதற்குச் சாட்சி.

கிராமங்களில் நிலைமை இன்னும் கடினம். தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டின் பல பங்குகளில் நீடிக்கின்றன. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் ஒரே கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த இரு சாதியாரிடையே மூண்ட மோதல் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்களைக் கொண்டுபோனது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலைச் செயலாக்கும் பொறுப்பு ஆயர்களிடம் மட்டும் இல்லை. கல்லறைச் சுவரைக் காத்துக்கொண்டே ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கும் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறது.